சாஆ: உள்நாட்டு நீர்வழிகளும் ஜொகூர்க் கடலும்

சாஆ, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள சிறு நகரம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், கடற்கரை கிடையாது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் பெய்யும் மழை இரு கடல்களைச் சேர்கிறது. பெக்கோக் ஆற்று நீர் பத்து பகாட் ஆற்றின் வழியே மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. வடக்கே சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் கலந்து அதே நீரிணையை அடைகிறது. பெக்கோக் நகருக்குக் கிழக்கே, எண்டாவ் ரொம்பின் காட்டில் ஓடும் செலாய் ஆறோ எண்டாவ் ஆற்றுடன் சேர்ந்து தென்சீனக் கடலுக்குச் செல்கிறது. நன்னீர்ச் சூழலமைப்பு, கடல்சார் சூழலமைப்பு என்று பாடநூல்கள் இரண்டாகப் பிரித்துப் பேசும் பொருளை இந்த ஊரிலிருந்து பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. ஜொகூரின் ஆறுகளுக்கும் கரைக்கடலுக்கும் நேர்ந்துள்ள பெருங்கேடு, யாரோ இரவில் கொட்டிவிட்டுப் போகும் நஞ்சைக் காட்டிலும், நிலத்தின் நீரோட்டத்தையே மாற்றி அமைத்ததால் வந்தது என்பதற்கு மேற்கு ஜொகூர் தெளிவான சான்று.

சாஆவிலிருந்து கீழிறங்கி மேற்கே செல்லச் செல்ல நிலம் தட்டையாகிறது. பத்து பகாட், பொந்தியான் மாவட்டங்களின் சமவெளியில் கணிசமான பகுதி ஒரு காலத்தில் கரிச்சதுப்புக் காடு. இதன் மண்ணை மலாய்மொழியில் காம்புட் என்பார்கள். மக்காத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் படிந்து உருவான இந்த மண், மழைக்காலத்தில் நீரைக் கடற்பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் மெல்ல விடும். இதன் அடியிலும் ஓரங்களிலும் கடற்களிமண் உண்டு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைத் தாண்டி உள்ளே வந்திருந்தபோது, அலையாத்திக் காடுகளின் சேற்றில் கடல்நீரின் சல்பேட்டும் இரும்பும் சேர்ந்து பைரைட் என்ற கனிமம் உண்டாயிற்று. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் எந்தத் தீங்கும் இல்லை. காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறுகிறது.

காற்றுப் படவைத்தது வடிகால். உலக வங்கிக் கடனுடன் 1974இல் தொடங்கிய மேற்கு ஜொகூர் விவசாய மேம்பாட்டுத் திட்டம் இச்சமவெளியில் வாய்க்கால்களையும் கரையோர அணைமேடுகளையும் அலைக்கதவுகளையும் விரிவாக்கியது. பாரிட் எனப்படும் வாய்க்கால்கள் அதற்கு வெகு முன்பே கையால் வெட்டப்பட்டு வந்தன. திட்டம் அவற்றை ஆழப்படுத்தி ஒரே வலையாக இணைத்தது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. பைரைட் காற்றைச் சந்தித்தது. வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில் வாய்க்கால்கள் அமிலத்தையும், மண்ணிலிருந்து கரைந்த அலுமினியத்தையும் இரும்பையும் சுமந்து ஆற்றுக்கு வந்தன. பெக்கோக் ஆற்றுப் படுகையில் நீர் இப்படி அமிலமாவதையும் அதற்கு விவசாய வடிகாலே காரணம் என்பதையும் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கரிச்சதுப்பு நீர் இயல்பிலேயே அமிலம்தானே, தேநீர் நிறத்தில் ஓடும் அந்த நீரில் மீன்கள் வாழவில்லையா என்று கேட்கலாம். வாழ்கின்றன. ஆயர் ஈத்தாம் வட்டாரத்திலிருந்து 1986இல் அறிவியலுக்கு அறிமுகமான பெட்டா பெர்செபோன் என்ற சிறு கறுப்புச் சண்டைமீன் ஜொகூரின் கருநீரில் மட்டுமே வாழ்வது. ஆனால் அந்த இயற்கை அமிலம் இலைச் சருகிலிருந்து வருவது. அதன் கரிம அமிலங்கள் உலோகங்களைப் பிணைத்து வைக்கின்றன. பைரைட்டிலிருந்து வருவது கனிம அமிலம். அதனுடன் வரும் அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கிறது. இரும்பு துருநிறச் சேறாக ஆற்றடியை மூடி, முட்டைகளையும் பூச்சிப் புழுக்களையும் அழிக்கிறது. அமில அளவு ஒன்றாகவே இருந்தாலும் உயிர்களுக்கு நேர்வது ஒன்றல்ல. கருநீருக்கென்றே பழகிய மீன்களும் அந்தச் சதுப்பு வற்றும்போது போக்கிடம் இல்லாமல் அழிகின்றன. அந்தச் சண்டைமீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருப்பது இதனால்தான்.

வடிகாலின் இரண்டாவது விளைவு நிலம் தாழ்வது. நீர் இறங்கிய கரிச்சதுப்பு சுருங்குகிறது, மக்குகிறது, கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. மேற்கு ஜொகூரில் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகள் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வைக் காட்டின. ஒரு தலைமுறைக்குள் அது அரை மீட்டராகிவிடும். தாழத் தாழ வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். வெட்ட வெட்ட நிலம் இன்னும் தாழும். கடல்மட்டமோ ஏறிக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் சாஆவும் சிகாமட்டும் கடும் மழையில் மூழ்கின. பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். மேட்டுப்பகுதியில் நீர் வடிந்த பின்னும் கீழே பத்து பகாட்டில் வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. பெக்கோக் அணை நிரம்பி வழிந்தது ஒரு காரணம். நீர் கடலுக்குப் போகச் சரிவு இல்லாமல் போனது அதைவிட ஆழமான காரணம்.

அணைகளும் வாய்க்கால்களும் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்பது வலுவான மறுப்பு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்படியொரு மழையில் அணை தாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்களைக் காக்கிறது. வடிகால்தான் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது என்பதும் உண்மை. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் ஒரே படுகையில் அணை நீரைத் தேக்க முயல, அதற்குக் கீழே நீரைத் தேக்கி வைத்திருந்த சதுப்பை வாய்க்கால் வறட்டிவிட்டது. அண்டைப் படுகையான செம்புரோங்கின் அணை நீர்த்தேக்கத்தில் தோட்ட உரச்சத்து சேர்ந்து பாசி மண்டுகிறது. குடிநீர் சுத்திகரிப்புக்கு அது தொடர்ந்து தொல்லை. அணை வெள்ளத்துக்கு விடை தந்தது, நீரின் தரத்துக்குத் தரவில்லை.

இன்னொரு மறுப்பு: சட்டம் கண்டிப்பாக இருந்தால் போதாதா? சில கேடுகளுக்குப் போதும். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரின் கதை அதற்கு நல்ல உதாரணம். ஒரு டன் கச்சா எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்று டன் கழிவுநீர் வெளியாகும். அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்குப் போகும். 1970களில் அது அப்படியே ஆறுகளில் விடப்பட்டது, மீன்கள் மிதந்தன. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 1977இல் ஆலைகளுக்காக வந்த விதிகளும் வரம்பைப் படிப்படியாக இறுக்கி, 1984க்குள் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தன. இது மலேசியா பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆலைக்கு உரிமம் உண்டு, குழாய் உண்டு, குழாயின் முனையில் மாதிரி எடுக்கலாம்; அதனால் சட்டம் வென்றது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்று, 111 பள்ளிகள் மூடப்பட்ட கொடுமையிலும் கொட்டியவரைத் தேடும் வழி இருந்தது. 2024இல் அந்தச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் அபராத உச்சவரம்பு 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் அனுமதியோடும் அரசுப் பணத்தோடும் வெட்டப்பட்ட வாய்க்காலில் அமிலம் வந்தால் யாரைத் தண்டிப்பது? தட்டையான நிலம் முழுவதுமே அங்கே குழாய்முனை.

ஆட்சி அதிகாரத்தின் பங்கீடு இதை மேலும் சிக்கலாக்குகிறது. மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் ஆறும் மாநிலத்துக்கு உரியவை. கடல் மீன்வளமும் மாசுச் சட்டமும் கூட்டரசின் கையில். மெர்சிங் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காவில் கரையிலிருந்து 2 கடல் மைல் வரை நீர் பாதுகாக்கப்படுகிறது, தீவின் நிலம் மாநிலத்திடம் இருக்கிறது. அங்கே கட்டுமானத்துக்காக வெட்டிய மண் மழையில் பவளப்பாறைமேல் இறங்கினால் இந்த அதிகாரக் கோடு குறுக்கே நிற்காது. தென்மேற்கு முனையில் தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, புலாய் ஆறு ஆகிய மூன்று அலையாத்தி ஈரநிலங்களும் 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அவற்றின் வேருக்கு வேண்டிய சேறும் நன்னீரும் மேலே உள்ள ஆறுகளிலிருந்து வருபவை. புலாய் முகத்துவாரத்தை ஒட்டிய மெராம்போங் கடற்புல் திட்டு, கடல்குதிரைக்கும் கடற்பசுவுக்கும் உரிய இடம். 2014இல் தொடங்கிய பாரஸ்ட் சிட்டி கடல்நிரப்பு அதைக் குறுக்கே வெட்டியது. பணி நிறுத்தப்பட்டு, பரப்பு சுருக்கப்பட்டு, 2015 ஜனவரியில் மீண்டும் அனுமதி கிடைத்தது. பட்டியலிட்ட எல்லைக்கு வெளியே நடந்த வேலை எல்லைக்கு உள்ளே இருந்த உயிர்களின் மேய்ச்சலைக் குறைத்தது.

ஆகவே காப்பின் அலகு ஆற்றுப்படுகையாக இருக்க வேண்டும். அதில் முதல் வேலை வாய்க்காலின் நீர்மட்டத்தை உயர்த்திப் பிடிப்பது. தடுப்புக் கதவுகளால் நிலத்தடி நீரை வேருக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் செம்பனையும் விளையும், பைரைட்டும் நீருக்குள் உறங்கும், நிலம் தாழும் வேகமும் குறையும். விளைச்சல் விழும் என்ற அச்சம் முழுவதும் பொய்யல்ல, வெள்ளத்தில் நின்ற செம்பனை காய்க்காது. அதனால்தான் எந்த நிலத்தைக் கைவிடுவது என்பதைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு காண்பது. நிலையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு, கரிச்சதுப்பில் மறுநடவுக்கு முன் அந்த நிலம் இனியும் வடியுமா என்று ஆராயச் சொல்கிறது; வடியாத நிலத்தைப் படிப்படியாகக் கைவிட வேண்டும். பெருந்தோட்டங்கள் சான்றிதழுக்காக இதைச் செய்யும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் கைவிடும் நிலத்துக்கு ஈடு எங்கிருந்து வரும் என்பதை மாநில அரசும் கூட்டரசும் சேர்ந்து எழுதித் தரும் வரை, அவர் பழைய வாய்க்காலை இன்னும் ஓர் அடி ஆழமாக வெட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.