தேயிலைப் பெட்டியும் தகர வில்லையும்

பதுளையில் ராத்திரி கோச்சி ஏறினோம், ஆறு பேர். வேலை தேடியோ, நேர்முகப் பரீட்சைக்கோ இல்லாமல் கொழும்புக்குப் போனது எங்களில் பலருக்கு இதுதான் முதல் தடவை. துறைமுகத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான். நம்ம தோட்டத்துத் தூள் எந்த வாசலால் வெளியே போகிறது என்று ஒரு தரமாவது பார்க்க வேண்டாமா?

உள்ளே விடவில்லை. விடுவார்கள் என்று நினைத்தது எங்கள் அப்பாவித்தனம். சைத்திய வீதியில், தூண்களின் மேல் நிற்கிற சம்போதி சைத்தியத்துக்குக் கிட்ட நின்று எட்டிப் பார்த்தோம். பாரந்தூக்கிகள், அடுக்கடுக்காகக் கொள்கலன்கள், அப்பால் கப்பல்கள். எந்தக் கொள்கலனுக்குள் தேயிலை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தத் துறைமுகம் இயற்கையாக அமைந்த ஒன்றல்ல. முன்பு பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்புக் கடல் திறந்து கிடந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வைத்தார். 1885இல் அது முடிந்தது. காலியின் கதை அதோடு இறங்குமுகம். அதே 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்திருந்தது. சுவர், தண்டவாளம், ஏலம் மூன்றும் ரெண்டு வருடத்துக்குள் கூடி வந்தன. அதன் பிறகு ரயில் ஹப்புத்தளைக்கு 1893இல், பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளைக்கு மட்டும் 1924 வரை வரவில்லை. முப்பது வருடம்! நம்ம ஊருக்கு எதுவும் சுணங்கித்தான் வரும் போல.

இதெல்லாம் தூள் வெளியே போன வழி. ஆட்கள் உள்ளே வந்த வழி என்ன?

கோப்பிக் காலத்தில் நம்மாட்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். இந்தக் கதை நம் லயங்களில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த கட்டம். 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் அந்த நடைபாதை மூடப்பட்டது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாம், அங்கிருந்து கப்பல், கொழும்பு, பிறகு ராகமை முகாம், கடைசியில் தோட்டம் என்று புதிய பாதை வந்தது. ஆக, நம் முன்னோரில் ஒரு பகுதியினர் இறங்கியது இதே துறைமுகத்தில்தான். 1914இல் தலைமன்னார்க் கப்பல் சேவை தொடங்கிய பிறகே பாதை மறுபடி வடக்கே திரும்பியது.

அந்தக் காலத்தில் வந்தவர்களிடம் ஒரு தகர வில்லை இருந்தது. வெள்ளைக்காரன் அதை 'டின் டிக்கெட்' என்றான். அதில் தோட்டத்தின் பதிவு எண் குத்தப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் போதும், வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஏறும். பிறகு தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்படும். அவர் பெயர் தேவையில்லை, எண் போதும். தேயிலைப் பெட்டியிலோ தோட்டத்தின் பெயரை அழகாக அச்சுக் குத்தி அனுப்பினார்கள். பெயரோடு பெட்டி ஏறிய துறையிலேயே, எண்ணோடு மனிதர் இறங்கினார்.

இது நமக்கு மட்டும் நடந்ததா என்றால், இல்லை. கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதையை 1896க்குப் பிறகு போட்டதும் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுமார் 32,000 கூலியாட்கள்தான், பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். இன்று கொழும்பு ஏலத்துக்குப் பெரிய போட்டி அந்த மொம்பாசா ஏலம். கென்யாத் தூளும் மலையிலிருந்து இறங்கி அந்தத் துறையால்தான் போகிறது. அங்கே கடலைப் பார்க்காத கொழுந்துக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ!

இப்போது மரப்பெட்டி இல்லை, கடதாசிப் பைகள். அவற்றைக் கொள்கலனுக்குள் அடைத்துவிட்டால் வெளியே தெரிவது கப்பல் கம்பெனியின் பெயர் மட்டுமே. வெளிநாட்டில் நாலைந்து தோட்டத்துத் தூளைக் கலந்து விற்றால் அந்தப் பெயரும் போயிற்று.

மறுநாள் வீடு வந்து சேர்ந்தபோது எங்களில் ஒருவரின் அப்பாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர், கொழும்பை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்.

"கப்பலப் பாத்தீங்களாடா?"

"தூரத்துல பாத்தோம் அப்பாயி."

"நம்ம ஸ்டோரு பேரு போட்டிருந்துச்சா?"

"இல்ல அப்பாயி."

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார்.