கைவிடப்பட்ட ஒப்பந்தம்

1957 ஜூலை 26 அன்று இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் பிரதேச சபைகள் அமையும்; அங்கே நிர்வாகம் தமிழில் நடைபெறும். முந்திய ஆண்டில் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிச் சட்டமியற்றியவரே இதற்கு இசைந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1958 ஏப்ரல் 9 அன்று புத்த பிக்குகள் அவர் இல்லத்தின் முன் திரண்டமர்ந்தனர். பிரதமர் அன்றே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அதனை எழுதியும் கொடுத்தார்! மறுமாதம் கலவரம் மூண்டது. 1959 செப்டம்பரில் ஒரு பிக்கு சுட்டதில் அவரும் மாண்டார்.

அறியாது தவறும் தலைவர் வேறு; நியாயம் இன்னதென்று அறிந்து, ஒப்பமுமிட்டு, கூச்சலுக்கு அஞ்சிப் பின்வாங்குபவர் வேறு. பின்னவரால் விளையும் கேடே பெரிது.

இப்னு கல்தூன் 'அஸபிய்யா' எனும் இனப்பற்றை அரசுகளின் அடித்தளமாகக் கண்டார். நரம்பைக் குறிக்கும் 'அஸப்' என்பதோடு உறவுடைய சொல் அது. ஓரினத்தை மட்டும் கட்டும் நரம்பு, பல்லினம் வாழும் நாட்டை எங்ஙனம் கட்டும்?

தமிழர் தரப்பிலும் இந்நோய் இருந்தது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். விரட்டியோர் மொழியும் தமிழ். விரட்டப்பட்டோர் மொழியும் தமிழ்.

2020இல் கொரோனாவால் மாண்ட முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கோட்டாபய அரசு எரித்தது. அடக்கம் செய்யும் அனுமதி 2021 பிப்ரவரியில்தான் வந்தது. 2022இல் பொருளாதாரம் சரிய, காலிமுகத்திடலில் மக்கள் திரண்டனர். ரமலானில் அங்கு நோன்பு திறந்தவர்களோடு பிற சமயத்தாரும் அமர்ந்தனர். ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார். 2019இல் அவருக்கு 69 லட்சம் பேர் வாக்களித்திருந்தனர்.