தகட்டில் எழுதிய வயது

அமெரிக்காவில் பழைய வீடொன்றை விலைக்கு வாங்குவோர், விற்பனை முடியுமுன் ஆய்வாளர் ஒருவரை அமர்த்தி அவ்வீட்டைச் சோதித்துப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். கூரை, அடித்தளம், மின்கம்பிகள், குழாய்கள் என்று நீளும் அவருடைய அறிக்கையில், சூடேற்றும் ஃபர்னஸையும் குளிரூட்டும் ஏர் கண்டிஷனரையும் பற்றி ஒரு பகுதி உண்டு. அப்பகுதியில் வாங்குபவர் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இவற்றுக்கு என்ன வயது? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை எழுதுவதா, தவிர்ப்பதா என்பதில் ஆய்வுத் தொழில் நெடுங்காலம் தயங்கி வந்திருக்கிறது. அத்தயக்கத்தின் வரலாற்றையே இங்கே காணப் போகிறோம்.

வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபின் பழைய நெறி. வீட்டில் குறையிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது வாங்குபவன் பொறுப்பு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நெறி தளர்ந்தது. 1976ல் 'ஆஷி' என்று சுருக்கமாக வழங்கும் அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் தோன்றியது. 1984ல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், 'ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர்' வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. சரியாக இறுக்கப்படாத மண்நிரப்பின் மேல் கட்டிய வீடு, விற்பனைக்குப் பின் நிலச்சரிவில் சேதமுற்ற வழக்கு அது. வீட்டைத் தக்க கவனத்துடன் பார்த்து, கண்ட குறைகளை வாங்குபவருக்குச் சொல்வது தரகரின் கடமை என்று நீதிமன்றம் கூறியது. பழி தம்மீது விழக்கூடும் என்றறிந்த தரகர்கள், தனி ஆய்வாளரை அமர்த்துமாறு வாங்குவோரைத் தாமே தூண்டலாயினர். தொழில் வளர்ந்தது, வழக்குக்கு அஞ்சும் மனமும் உடன் வளர்ந்தது.

இனி வயதைக் காணும் முறைக்கு வருவோம். ஃபர்னஸின் கதவுக்குப் பின்னும், வீட்டுக்கு வெளியே நிற்கும் குளிரூட்டியின் பக்கவாட்டிலும் ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். தயாரித்த தேதி அதில் வெளிப்படையாக இருப்பதும் உண்டு. இல்லாதபோது சீரியல் எண்ணுக்குள் அது மறைந்திருக்கும். மறைக்கும் முறையோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கேரியர் நிறுவனத்தின் எண்ணில் முதலிரு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். குட்மேன் நிறுவனத்தில் முதலிரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். லெனாக்ஸில் முதலிரண்டு ஆலையையும், அடுத்த இரண்டு ஆண்டையும், பின்வரும் எழுத்து மாதத்தையும் சுட்டும். ட்ரேன் நிறுவனம் 1980களிலும் 1990களிலும் ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்தையே குறியாக வைத்திருந்தது.

ஆகவே 0405 என்று தொடங்கும் எண் கேரியர் தகட்டில் இருந்தால் அது 2005ஆம் ஆண்டின் நான்காம் வாரம். குட்மேன் தகட்டில் இருந்தால் 2004 மே மாதம். நம் கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். 'பரகேசரிக்கு யாண்டு நான்கு' என்று மட்டும் ஒரு கல் சொன்னால், அந்தப் பரகேசரி யார் என்று அறியும் வரை அந்த நான்கு எந்த நான்கென்று சொல்ல இயலாது. தகடும் அப்படித்தான். எழுதியவர் யாரென்று தெரிந்தால்தான் எழுத்து பேசும்.

படித்தறிந்த பின்னும் ஐயம் முற்றும் தீர்வதில்லை. தகடு கூறுவது தயாரித்த நாள், பொருத்திய நாளன்று. இயந்திரம் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். ஒரே அமைப்பில் ஃபர்னஸ் ஒரு வயதும், அதன்மேல் அமர்ந்த குளிர்ச்சுருள் வேறொரு வயதும், வெளியே நிற்கும் பகுதி மூன்றாவது வயதுமாக இருப்பதும் உண்டு. வெயிலில் தகடு வெளுத்துவிட்டால் பிற சான்றுகளைத் தேட வேண்டும். அவற்றுள் ஒன்று, குளிரூட்டும் வாயுவின் பெயர். 1987ல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில், ஆர்-22 வாயு நிரப்பிய புதிய குளிரூட்டிகளின் தயாரிப்பு அமெரிக்காவில் 2010 தொடக்கத்தோடு நின்றது. அவ்வாயு நிரம்பிய இயந்திரம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. 2020 முதல் ஆர்-22 வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும்கூட அங்கே தடைப்பட்டன. மீட்டெடுத்த வாயுவும் பழைய இருப்பும் மட்டுமே எஞ்சின. ஆக, இந்த வயது வெறும் எண்ணன்று. நாளை கசிவு நேர்ந்தால் பழுது பார்ப்பதா, முழுவதும் மாற்றுவதா என்பதை முன்கூட்டியே உரைப்பது.

இங்கேதான் தயக்கம் தொடங்குகிறது. வயது சொன்னால் அடுத்த கேள்வி, 'இன்னும் எத்தனை நாள் உழைக்கும்?' 1978ல் வெளிவந்த கணக்கெடுப்பொன்றை ஒட்டி, ஆஷ்ரே என்னும் பொறியாளர் சங்கத்தின் கையேடு ஓர் அட்டவணை தந்தது. எரிவாயு ஃபர்னஸுக்கு 18 ஆண்டு, வீட்டுக் குளிரூட்டிக்கு 15 ஆண்டு. இவை இடைநிலை எண்கள். பாதி இயந்திரங்கள் அதற்குள் மாற்றப்பட்டன, மீதிப் பாதி அதற்கு மேலும் ஓடின என்பதே பொருள். ஆனால் அறிக்கைகளில் இவ்வெண்கள் ஆயுள் ரேகைபோல் வாசிக்கப்பட்டன. பதினெட்டைக் கடந்த ஃபர்னஸ் நாளையே சாகும் என்று சிலர் அஞ்சினர். பத்து வயதானது இன்னும் எட்டாண்டு ஓடும் என்று சிலர் நம்பி ஏமாந்தனர்.

ஆகவே சங்கங்கள் விலகி நின்றன. இன்டர்நாச்சி என்னும் மற்றொரு சங்கத்தின் செயல்முறை நெறிகள், எந்தப் பொருளின் வயதையும் எஞ்சிய ஆயுளையும் தீர்மானிக்க ஆய்வாளர் கடமைப்பட்டவரல்லர் என்கின்றன. ஆஷியின் நெறிகள் இன்னும் சுவையானவை. ஆயுளின் இறுதியை நெருங்கியவற்றை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லி, எஞ்சிய ஆயுளைக் கணிக்க வேண்டியதில்லை என்று மற்றோரிடத்தில் விலக்களித்தன. வயதை அறியாமல் இறுதியை எங்ஙனம் அறிவது?

வயதை விட்டுவிடலாம், ஓடுகிறதா என்று பார்த்தால் போதும் என்போரும் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் ஆய்வு நடந்தால் ஏர் கண்டிஷனரை ஓட்டிப் பார்ப்பதில்லை; குளிரில் ஓட்டினால் அதன் கம்ப்ரெஸர் கெடக்கூடும். ஃபர்னஸின் உள்ளிருக்கும் வெப்பமாற்றி விரிசல் கண்டால் நஞ்சான கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் பரவலாம். பெரும்பகுதி கண்ணுக்கு மறைந்திருக்கும் அவ்வுறுப்பை ஆய்வாளர் முழுமையாகக் காண்பது அரிது. கண்ணும் கையும் எட்டாத இவ்விடங்களில் வயது ஒன்றே சான்றாகிறது.

இறுதியில் தயக்கத்தை ஓரளவு உடைத்தது காப்பீட்டுத் துறை. 1992ல் ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைத் தாக்கியபின் பல காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்தன. 2002ல் அம்மாநிலம் சிட்டிசன்ஸ் என்னும் காப்பீட்டுக் கழகத்தை அமைத்தது. கூரை, மின்சாரம், குழாய், வெப்ப-குளிர் அமைப்பு ஆகிய நான்கை மட்டும் சோதிக்கும் அதன் படிவம், அமைப்பின் வயதை நேராகவே கேட்கிறது. தேதி பொறித்த தகட்டின் புகைப்படத்தையும் கோருகிறது. வாங்குபவர் கேட்டபோது கடமையல்ல என்றிருந்தது, காப்பீட்டாளர் கேட்டபோது கட்டாயமாயிற்று. இதில் ஒரு கசப்பு இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வயதும் ஆயுளும் வேறு என்பதே இவ்வரலாற்றில் நாம் காண்பது. வயது சான்று, ஆயுள் ஆரூடம். ஆரூடம் சொல்ல மறுப்பது நேர்மை. சான்றையும் சேர்த்து மறைப்பது நேர்மையாகாது. 'தகட்டின்படி தயாரிப்பு 2004 மே. பொருத்திய நாள் தெரியவில்லை. குளிரால் ஓட்டிப் பார்க்கவில்லை. இத்தகையவற்றுள் பாதி பதினைந்து ஆண்டுகளுக்குள் மாற்றப்பட்டதாகப் பழைய கணக்கெடுப்பு கூறுகிறது' என்று எழுத நான்கு வரி போதும். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு முதல் வீட்டில் குடியேறும் ஒருவருக்கு, முதல் பனிக்காலத்தில் ஃபர்னஸ் நின்றுபோனால் மாற்றக் கையில் பணம் இருக்குமா இராதா என்பது அந்த நான்கு வரிகளைப் பொறுத்தது.