கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன்: ஜாஸுக்குப் பட்ட கடனா, ஜாஸ் பட்ட கடனா?

கத்ரி கோபால்நாத் (1949–2019) குறித்த எழுத்துகளில் ஒரு முடிவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. ஜாஸின் கருவியை எடுத்து அவர் கர்நாடக இசைக்குப் பழக்கினார்; பிறகு ஜாஸ் கலைஞர்களோடு மேடையேறிக் கலப்பிசை வளர்த்தார்; ஆகவே அவர் ஜாஸுக்குக் கடன்பட்டவர் என்பதே அந்த முடிவு. இதன் முதற்பகுதி கருவியின் வரலாற்றோடு ஒட்டவில்லை. கடைசிப் பகுதியைத் திருப்பிப் போட்டுப் படிப்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அதற்கு முதன்மைச் சான்று, 2008இல் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா கோபால்நாத்துடன் சேர்ந்து வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு.

முதலில் கருவியின் வழித்தடம். 1846இல் அடோல்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், ஜாஸ் உருவாவதற்கு அரை நூற்றாண்டு முன்பே பிரெஞ்சு ராணுவ பேண்டுகளில் இடம்பெற்றது. மேனாட்டுக் காற்றுக் கருவிகள் தென்னகத்துக்கு வந்ததில் பரங்கிமலை, பல்லாவரம் போன்ற பாசறைகளுக்கும் அரண்மனை பேண்டுகளுக்கும் பெரும்பங்கு உண்டு. சதிர் ஆட்டத்தில் முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பிடித்ததும், ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தியதும் அதே வழியில் நடந்தவை. நாகஸ்வர வித்துவானின் மகனான கோபால்நாத், சாக்ஸபோனை முதலில் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனும் அவரை உருவாக்கினார்கள். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டி அவரைக் கேட்டு உடன் வாசிக்க அழைத்ததைத் திருப்புமுனை என்பார்கள். ஹாண்டி அதற்கு முன்பே அலி அக்பர் கானுடன் ஒலிப்பதிவு செய்தவர். இந்திய இசையைத் தேடிவந்தவர். அந்தச் சந்திப்பு கோபால்நாத்தின் பாணியை உருவாக்கியது என்பதைவிட, உருவாகிவிட்ட பாணியை ஜாஸ் உலகம் கண்டுகொண்டது என்பதே பொருத்தம்.

இனி ‘கின்ஸ்மென்’. இதைச் சமமான இரு மரபுகளின் உரையாடலாகவே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஜாஸ் சட்டகத்தைத் தந்தது, கர்நாடக இசை அணிகளைத் தந்தது என்பது அவர்கள் கணக்கு. தட்டின் அமைப்பு இதற்கு இடந்தரவில்லை. ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் இருப்பது வியப்பில்லை. ரெஸ் அப்பாஸியின் கிட்டாரும் கார்லோ டி ரோசாவின் பாஸும்கூடத் தனித்தனி ஆலாபனைகளோடு வருகின்றன, இதுதான் கவனத்துக்குரியது. ஜாஸில் பாஸ் கலைஞரின் தனிவாசிப்பு பெரும்பாலும் பாட்டின் நடுவே, அதன் சுரக்கட்டுக்குள் அமைவது. இங்கே அவர் தாளமின்றி, ராகத்தை விரிப்பவர்போல நுழைகிறார். சட்டகமே கச்சேரி மரபை நோக்கி நகர்ந்துவிட்டபோது, கர்நாடக இசை அணி மட்டுமே தந்தது என்ற கணக்கு நிற்காது.

இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் சேரும் இடத்தில் இது இன்னும் தெளிவாகிறது. சாக்ஸபோனின் துளைகளை மூடுபவை மூடிகள். விரல் துளையைத் தொடுவதில்லை, பாதி மூடவும் வழியில்லை. கமகத்தின் பெரும்பகுதியை உதடும் மூச்சும் தொண்டையும்தான் சுமந்தாக வேண்டும். நாகஸ்வரக்காரர் சீவாளியில் பழகும் வித்தையும் ஏறத்தாழ இதுவே. கோபால்நாத் இதை ஆல்டோவுக்குக் கடத்தினார். ஜாஸில் வழுக்கல் இல்லையா, டியூக் எலிங்டன் குழுவின் ஜானி ஹாட்ஜஸ் வழுக்கலுக்கே பெயர்பெற்றவராயிற்றே என்று கேட்கலாம். ஹாட்ஜஸின் வழுக்கல் ஒரு சுரத்தைச் சென்றடைவதற்கானது. கல்யாணி நிஷாதத்துக்கோ அசைவே உரு. மஹந்தப்பாவின் வாசிப்பில், குறிப்பாக மெதுவான பகுதிகளில், இந்த இரண்டாம் வகை அசைவு கேட்கிறது. என் செவிப்பதிவை மட்டும் நம்பி இதை அறுதியிட முடியாது. சுருதி அளவைப் பகுப்பாய்வு இதை உறுதிசெய்ய வேண்டும். ஆயினும் வேறு விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

மஹந்தப்பா ஜாஸ் ஆல்டோ கலைஞர் சார்லி பார்க்கர் வழிவந்தவர், 2015இல் ‘பேர்ட் கால்ஸ்’ என்று அவருக்கே ஓர் இசைத்தட்டைப் படைத்தவர் என்பது அடுத்த மறுப்பு. பார்க்கரிடம் பெற்றது கோபால்நாத்திடம் பெற்றதை அழித்துவிடாது. பாஸ்டனில் மாணவராக இருந்தபோது அண்ணன் விளையாட்டாகத் தந்த கோபால்நாத்தின் ஒலிப்பதிவே தன் தேடலைத் தொடக்கிவைத்தது என்று மஹந்தப்பாவே சொல்லியிருக்கிறார். கடன்பட்டவரே ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்கள் மறுப்பதற்கு அதிகம் இல்லை. ஒரே ஓர் இசைத்தட்டை வைத்து ஜாஸ் வரலாற்றை மாற்ற முடியுமா என்பாருக்கு, ஜாஸின் வரலாறே இசைத்தட்டுகளால் எழுதப்பட்டது என்பது போதிய விடை.

1994இல் கோபால்நாத் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் மேடையில் வாசித்தார். அதே ஆண்டு ‘டூயட்’ படத்தின் வழியே அவருடைய சாக்ஸபோன் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. இவ்விரண்டும் அவர் புகழின் அளவைக் காட்டுகின்றன. ஆனால் வரலாற்றில் அவருக்குரிய இடம் ‘கின்ஸ்மென்’னில் இருக்கிறது. பம்பாய், கல்கத்தா ஓட்டல் பேண்டுகளோடு முடிந்துபோகும் இந்திய ஜாஸ் வரலாறு அரைகுறையானது. ஜாஸ் வாசிக்காமலேயே ஜாஸின் ஆல்டோவுக்கு ஒரு புதிய இலக்கணம் தந்தவர் கோபால்நாத். அந்த வரலாற்றில் அவருக்குரிய இடம் அடிக்குறிப்பு அன்று, ஒரு முழு அதிகாரம்.