பஞ்சம் கற்றுக்கொடுத்த பனிக்கணக்கு



குல்மார்க், மணாலி என்று போய்ப் பனியில் சறுக்கும் படங்களை உங்களில் சிலர் அனுப்புகிறீர்கள். பார்க்க மகிழ்ச்சி. அந்த இமயமலைப் பனிக்கும் நம் பக்கத்துப் பஞ்சத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. வகுப்பில் சொல்ல நேரமில்லாமல் போன பாடம் இது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மழை பொய்த்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதற்குச் சற்று முன்புதான், 1875-ல், இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசு அவரிடம் கேட்டது.

அவர் இமயமலையைப் பார்த்தார். அங்கே பனி அதிகம் தங்கினால் நிலம் சூடேறத் தாமதமாகும், பருவக்காற்று வலுவிழக்கும் என்று கணித்து 1884-ல் எழுதினார். 1886-ல் முறையான பருவமழை முன்னறிவிப்பு தொடங்கியது. பனி ஒன்றை மட்டும் நம்பினால் போதாது என்று பின்னால் தெரிந்தது. 1904-ல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் உலகின் பல இடத்துக் காற்றழுத்தத்தையும் கணக்கில் சேர்த்தார்.

அந்நாளில் பனியைப் பார்த்து மழையைச் சொன்னார்கள். இன்று பனியையே முன்கூட்டிச் சொல்கிறார்கள். நம்மூர் மார்கழிப் பனி புல்லை நனைப்பதோடு சரி. காஷ்மீரில் அதே மார்கழி முதல் வாரத்தில், டிசம்பர் 21-ல், 'சில்லாய் கலான்' என்னும் 40 நாள் கடுங்குளிர் தொடங்கும். அங்கே பனியைக் கொண்டுவருவது 'மேற்கத்திய இடையூறு'. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழற்சி அது. செயற்கைக்கோள் படத்தில் அது நகர்வதைப் பார்த்துச் சில நாள் முன்பே எச்சரிக்கை தருகிறார்கள்.

ஆனால் பனி பெய்யும் என்று சொல்வது வேறு, எந்தச் சரிவில் பனி பிடியை விடும் என்று சொல்வது வேறு. இறுகிய பழைய பனியின் மேல் புதுப்பனி கனமாக விழுந்தால் இரண்டும் ஒட்டாது. ஒரு மனிதன் மிதித்தாலே பாளமாகப் பெயர்ந்து சரியும். இதை ஆராயவே 1969-ல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பனியில் குழி வெட்டி அடுக்கு அடுக்காகச் சோதிப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று.

அப்படியும் உயிர்கள் போயிருக்கின்றன. 2010 பிப்ரவரி 8-ல் குல்மார்க் அருகே பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் மாண்டனர். பனிமலையில் பயிற்சி பெற்றுவந்தவர்களுக்கே அந்தக் கதி. 2023 பிப்ரவரியில் அதே குல்மார்க்கில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தனர். 2025-ல் வேறு கஷ்டம்: போதிய பனி இல்லாமல் அங்கு நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டியே தள்ளிப்போனது.

பிள்ளைகளே, ஏரிப்பாசன ஊரில் பிறந்த நமக்கு ஒன்று தெரியும். மழை விட்டுவிட்டது என்று கால்வாயில் இறங்கக் கூடாது. மேலேரித் தண்ணீர் பிறகுதான் வரும். பனியும் அப்படித்தான். புயல் ஓய்ந்து வெயில் அடிக்கும் மறுநாள், புதுப்பனியைக் கண்டு எல்லோருக்கும் ஆசை வரும். ஆபத்து மிகுந்த நாளும் அதுதான். போகும்போது வானிலை அறிக்கையோடு பனிச்சரிவு எச்சரிக்கையையும் கேளுங்கள். உள்ளூர் வழிகாட்டி வேண்டாம் என்றால் தங்கும் விடுதியிலேயே இருந்து தேநீர் குடியுங்கள். செலவழித்த பணம் போனால் போகட்டும்.

லட்சக்கணக்கானோர் பசியில் மாண்ட பிறகு பிறந்த அறிவு இது. கேட்டு நடப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
ஐயங்கார்குளம்.