பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? பல்சிமெண்ட் வரலாற்றில் ஒரு பாடபேதம்

பல்வேரில் விழுந்த துளையை அடைக்கவும், திறந்துபோன பற்கூழை மூடவும் பயன்படும் எம்டிஏ (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்) என்ற சிமெண்ட், தன்னைச் சுற்றி எலும்பும் பல்திசுவும் உருவாகத் தூண்டுகிறது. இதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. எதனால் தூண்டுகிறது என்பதற்கு 1995இல் தரப்பட்ட விடையோடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு.

கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டோராபினெஜாட் உருவாக்கிய இப்பொருளைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 1993இல் வந்தது. 1998இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. இவை எல்லாரும் அறிந்தவை. நான் நின்று பார்க்க விரும்புவது இரண்டுக்கும் நடுவே, 1995இல், டோராபினெஜாட், ஹாங், மெக்டொனால்டு, பிட் ஃபோர்டு ஆகிய நால்வர் எழுதிய ‘ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்’ கட்டுரை.

அதன் அளவீடுகளில் பெரும்பாலானவை இன்றும் எடுத்தாளப்படுகின்றன. கலந்த உடனே காரத்தன்மை (pH) 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5, இறுக 2 மணி 45 நிமிடம். ஆனால் அக்கட்டுரையின் சுருக்கத்தில் இன்னொரு வாக்கியமும் உண்டு. இப்பொருளில் முதன்மையாக இருப்பவை கால்சியமும் பாஸ்பரஸும் என்கிறது அது. பல்லின் கடினத் திசுவும் இவ்விரண்டாலானதே. ஆகவே உடலின் திசுக்கள் இதை ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று அங்கிருந்து வாதம் நகர்கிறது.

கேட்க இனிமையான வாதம்தான். சிமெண்ட் எலும்பைப் போன்றது, அதனால் எலும்புக்கு அது உறவு. ஆனால் அதே 1995இல் டோராபினெஜாடுக்கும் ஒயிட்டுக்கும் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாடம் வேறுபடுகிறது. காப்புரிமை போர்ட்லாண்ட் சிமெண்ட் என்று பெயர் சொல்லியே எழுதுகிறது. கட்டுரையின் சுருக்கத்தில் அந்தப் பெயரே இல்லை. கட்டடச் சிமெண்டில் பாஸ்பரஸ் முதன்மைக் கூறு அல்ல என்பது ஆலை வேதியியலாளர் எவருக்கும் தெரியும். ஒரே ஆண்டின் இரண்டு ஏடுகளில் எது மூலபாடம்? காப்புரிமைதான் என்பது என் கணிப்பு. உரிமை கோருபவர் தன் பொருளின் செய்முறையைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகைக் கட்டுரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2005இல் ஜோசெட் காமிலெரியும் உடன் ஆய்ந்தோரும் எம்டிஏவை மீண்டும் பகுத்தபோது கிடைத்தவை கால்சியம், சிலிக்கான், பிஸ்மத், ஆக்சிஜன். சாம்பல் நிற வகையில் கூடவே இரும்பும் அலுமினியமும். பாஸ்பரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. முக்கால் பங்கு போர்ட்லாண்ட் சிமெண்ட், ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்த்த பிஸ்மத் ஆக்சைடு, மீதி ஜிப்சம்: இதுதான் அதன் கலவை. 2005 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் டி.ஆர். பிட் ஃபோர்டு. 1995 கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. பத்தாண்டு கழித்து வேறொரு குழுவோடு சேர்ந்து தன் பழைய பாடத்தைத் தானே திருத்திக்கொண்டார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். ஆய்வுலகில் அடிக்கடி காணக் கிடைக்காத நேர்மை.

பாஸ்பரஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுண்ணாம்பு. தமிழ்நாட்டின் சில இடங்களில் செம்மண்ணைத் தோண்டினால் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அதைக் காளவாயில் சுட்டு, தொட்டியில் நீற்றி வெள்ளையடித்தவர்களுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. சிமெண்ட் அதையே சுற்றுவழியில் செய்கிறது. சிமெண்டிலுள்ள ட்ரைகால்சியம் சிலிகேட் நீரோடு சேர்ந்து ஒரு கூழாகவும், கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடாகவும், அதாவது நீற்றிய சுண்ணாம்பாகவும், பிரிகிறது. கூழ் இறுகிப் பல்லுக்குள் நிற்கிறது. சுண்ணாம்பு கசிந்து வெளியேறுகிறது.

பல்லுக்குள் சுண்ணாம்பும் புதியதல்ல. ஹெர்மன் என்ற ஜெர்மானியர் கால்சியம் ஹைட்ராக்சைடை வேர்க்குழல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். ஆண்டு 1920 என்றும் 1930 என்றும் இருவிதமாக எழுதப்படுகிறது. முன்னது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் காலம், பின்னது பத்திரிகைக் கட்டுரையின் காலம் என்று கொண்டால் முரண் தணியலாம். எந்த ஆண்டில் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள் என்பதை இவ்விரண்டையும் கொண்டு முடிவு கட்ட முடியாது. போர்ட்லாண்ட் சிமெண்டோ அதற்கும் முந்தியது. ஜெர்மனியில் விட்டே 1878இலேயே அதைக் கொண்டு பல்வேரை நிரப்பியதாக எழுதினார். அப்போது சென்னையில் சிமெண்ட் ஆலைகூட வந்திருக்கவில்லை, அது 1904.

ஸ்டெம் செல்கள் இந்தக் கதைக்குள் பிந்தித்தான் வருகின்றன. 1998இல் கோவும் உடன் ஆய்ந்தோரும் எம்டிஏமீது வளர்த்தவை எலும்புப் புற்றிலிருந்து எடுத்த செல்கள். கிரான்தோஸ் குழுவினர் ஞானப்பல்லின் பற்கூழில் ஸ்டெம் செல்களை இனங்கண்டது 2000இல். பால்பல்லில் இருப்பவற்றை மியூராவின் குழு 2003இல் அறிவித்தது. அதன்பிறகு சோதனைகள் பெருகின. சிமெண்டை ஊறவைத்த திரவத்தைச் செல்களுக்கு ஊட்டி, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி கூடுகிறதா, அலிசரின் சிவப்புச் சாயம் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள்.

1995இன் வாசிப்பு சரியாக இருந்திருந்தால், செல்கள் சிமெண்டின்மேல் நேரடியாக ஒட்டிச் செழித்திருக்க வேண்டும். காமிலெரி குழு வேகமாக இறுகும் போர்ட்லாண்ட் சிமெண்டில் கண்டது இதற்கு எதிர். நேரடியாக வைத்த செல்கள் சரியாக வளரவில்லை. அதிலிருந்து கசிந்த கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த திரவமோ செல் பெருக்கத்தைத் தூண்டியது. பொருளின் ஒப்புமை அல்ல, கசிவே வேலை செய்கிறது. 2005இல் சர்க்காரும் உடன் ஆய்ந்தோரும், பாஸ்பேட் கலந்த செயற்கைத் திசுநீரில் எம்டிஏமீது ஹைட்ராக்சிஅபடைட் படிவதைக் காட்டினார்கள். கால்சியம் சிமெண்டுடையது, பாஸ்பேட் திசுநீருடையது. 1995 கட்டுரை பொருளுக்குள் கண்டதாகச் சொன்ன பாஸ்பரஸ் வெளியிலிருந்து வந்து சேர வேண்டியது.

இங்கே சான்று மெலிகிறது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். ஆய்வகத்தில் செல்லை வளர்க்கும் ஊடகத்திலும் பாஸ்பேட் உண்டு. அலிசரின் சாயம் கால்சியத்தைக் காட்டுமே தவிர, அதைப் படிய வைத்தது செல்லா, வெறும் வேதிவினையா என்று சொல்லாது. செல்லே இல்லாத கிண்ணத்திலும் அதே சிவப்பு வரக்கூடும். அந்த ஒப்பீடு இல்லாமல், ஸ்டெம் செல் எலும்பைக் கட்டியது என்று சாயத்தை மட்டும் வைத்து எழுதும் முடிவை நான் ஏற்கமாட்டேன். மரபணு வெளிப்பாட்டையும் அளந்த ஆய்வுகளுக்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது.

வெறும் சுண்ணாம்பே போதுமே என்று எதிர்க்கேள்வி எழும். போதாது. கால்சியம் ஹைட்ராக்சைடு மெல்லக் கரைந்துபோகும். அதன்கீழ் உருவாகும் பல்திசுப் பாலத்தில் துளைகள் விழுவதுண்டு. சிலிகேட் கூழ் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. சிலிக்கானுக்கும் தனிப் பங்கு இருக்கலாம். அந்தக் கதவை மூட எனக்கு மனமில்லை.

கடைச் சிமெண்டையே வைத்துவிடலாமே என்று யாரும் இதிலிருந்து படித்துவிடக் கூடாது. கட்டடச் சிமெண்டில் ஆர்சனிக், ஈயம் போன்றவற்றின் அளவை மருத்துவத் தரத்துக்கு யாரும் கட்டுப்படுத்துவதில்லை. பற்களைக் கருக்கவைக்கும் பிஸ்மத்தைக்கூடப் பிற்காலத் தயாரிப்புகள் கைவிடத் தொடங்கின. பயோடென்டின் என்ற சிமெண்டில் அந்த இடத்தில் இருப்பது சிர்கோனியம் ஆக்சைடு.

இப்பொருள்களைச் சோதிக்கும் தமிழக ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில், செல் இல்லாத கிண்ணத்தின் படத்தையும், ஊடகத்தில் இருந்த பாஸ்பேட்டின் அளவையும் சேர்த்தே அச்சிடுங்கள்.