சீதாதேவி பறந்த வழி

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால தெற்கே போனால் தெஹிவளை, கல்கிசை தாண்டி இரத்மலானை. 1935 நவம்பர் 27இல் அந்த நிலையத்தில் முதன்முதல் இறங்கியது ‘புஸ் மொத்’ என்ற சின்ன விமானம். அதைச் செலுத்தி வந்த டிண்டேல் பிஸ்கோ, சென்னைப் பறத்தல் கழகத்தில் விமானிகளைப் பழக்கியவர்.

வந்த வழியிலேயே எங்கட ஆக்களும் பறக்கப் பன்னிரண்டு வருடம் சென்றது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதற் பயணம். கப்டன் பீற்றர் பெர்னாண்டோ ‘சீதாதேவி’ என்ற டக்கோட்டாவைக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். இராவணன் வான்வழியே கொண்டுவந்தவளின் பெயரை, இந்தியாவுக்குத் திரும்பும் விமானத்துக்கு வைத்தவர் குறும்புக்காரர்தான்!

கப்பலோட்டிய மரைக்காயர்களை எழுதும் நாம் விமானிகளை எழுதுவதில்லை. ஒவ்வொரு பறப்பையும் மணி, நிமிடத்தோடு பதிவது அவர்கள் வழக்கம். அக்குறிப்பேடுகள் கொட்டாஞ்சேனை அலுமாரிகளில் கிடந்தால், பழைய தாள்காரனுக்குப் போகுமுன் பிரதியாவது எடுத்து வைப்போமா?